கடலட்டையும் ஏழாண்டுச் சிறையும்: இராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல், வனம், பருவநிலை மாற்ற அமைச்சகத்தாருக்கும் தேசிய வனவுயிர் வாரியத்தின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மண்டபத்தை அடுத்து வடகடலைப் பார்த்திருக்கும் ஒரு சிற்றூரில் பிறந்து, முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் நாங்கள் சொல்வோம். இரண்டுக்கும் நடுவே குறுகி நீண்டு கிடக்கும் மணல்தான் எங்கள் நிலம். என் தந்தையார் கடலட்டை எடுத்துப் பிழைத்தவர். அவர் முங்கி எடுத்த அட்டையின் காசில்தான் நான் கல்லூரிப் படி ஏறினேன். அதே வேலையை அவர் 2001ஆம் ஆண்டு ஜூலை மாதத்துக்குப் பின் செய்திருந்தால், புலியைக் கொன்றவனுக்கு எந்தப் பிரிவோ அந்தப் பிரிவிலேயே அவர்மீதும் வழக்கு எழுதப்பட்டிருக்கும். அந்த மாதத்தில் உங்கள் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, கடலட்டை இனங்கள் அனைத்தையும், ஒன்றைக்கூட விட்டுவைக்காமல், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த அறிவிக்கை எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டோரா போட்டு யாரும் சொல்லவில்லை. தமிழில் அச்சிட்ட தாள் ஒன்றும் வரவில்லை. வழக்கமாகச் சரக்கெடுக்கும் வியாபாரி ஒருநாள் காலையில் வந்தார். மணலில் காய்ந்துகொண்டிருந்த அட்டையைக் கையால் தொடவும் மறுத்து, "இனிமே இது வேணாம்ப்பா, உள்ள தூக்கிப் போட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவித்துக் காயவைத்த சரக்கை என்ன செய்வது என்று தெரியாமல் சில வீடுகளில் இரவோடிரவாக அதை மணலைத் தோண்டிப் புதைத்தார்கள். முந்தைய நாள்வரை வங்கியில் கடன் வாங்கவும் பிள்ளைக்குப் பெண் கேட்கவும் சொல்லிக்கொள்ளத்தக்க தொழிலாக இருந்த ஒன்று, ஒரு வியாபாரியின் வாய்ச்சொல்லில் குற்றமாகிவிட்டது.

பெயரைக் கேட்டதும் இரத்தம் குடிக்கும் அட்டையை நினைத்துக்கொள்ளும் உள்நாட்டு வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கடலட்டை எவரையும் கடிக்காது. ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை வளர்ந்து, தாழை என்று நாங்கள் சொல்லும் கடற்புல் பரப்பிலும் சேற்று மணலிலும் ஊர்ந்து, மணலை விழுங்கி அதிலுள்ள மட்கிய சத்தை எடுத்துக்கொண்டு மணலைத் திரும்ப வெளியே தள்ளும் பிராணி அது. வயலுக்கு மண்புழு எப்படியோ கடலடிக்கு இது அப்படி. வெள்ளை அட்டை, நூலட்டை, குச்சி அட்டை, ராஜ அட்டை என்று எங்கள் ஆட்கள் வகை பிரித்துச் சொல்வார்கள். மதிப்பு மிகுந்தது வெள்ளை அட்டை. ஆனால் இக்கரையில் எந்த வீட்டுச் சட்டியிலும் அது குழம்பானதில்லை. எல்லாம் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் போய், அங்கிருந்து சீனரின் விருந்து மேசைக்குப் போகும்.

ஆண்கள் மூச்சடக்கி முங்கி எடுத்துவருவார்கள். கரையில் உள்ள வேலை முழுவதும் பெண்களுடையது. குடலை நீக்கி, அண்டாவில் அவித்து, ஈர மணலில் குழி தோண்டி ஓர் இரவு புதைத்துவைப்பார்கள். மறுநாள் தோண்டி எடுத்துக் கூடையில் போட்டுக் காலால் மிதித்துத் தேய்த்தால், மேலிருக்கும் சுண்ணாம்புத் தோல் கழன்றுபோகும். பிறகு மறுபடியும் ஓர் அவிப்பு, வெயிலில் காய்ச்சல். என் தாயாரின் பாதங்கள் அந்தச் சுண்ணாம்பில் வெடித்து வெளுத்திருந்ததை இன்றும் நினைக்கிறேன். சரக்குக்குத் தரம் பிரித்து விலை சொன்னதும் அவர்தான்; தந்தையார் விலைப் பேச்சில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

இது நேற்று முளைத்த தொழிலன்று. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், நலிந்துபோயிருந்த இத்தொழில் மீண்டும் தலையெடுத்ததைப் பற்றி 1917ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடக்கக் காலத்தில் இயங்கியது எங்கள் மண்டபத்தில்தான். அதன் தலைமையகம் 1971இல்தான் கொச்சிக்குப் போனது. அந்நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்து அறிஞர்கள் 1988ஆம் ஆண்டு வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்துக் காட்டினார்கள். அட்டையைப் பெருக்கிக் கடலில் விடவும், கழிமுகங்களில் வளர்த்து விற்கவும் வழி தெரிந்த பதின்மூன்றாவது ஆண்டில், அந்த அறிவை எந்த மீனவனும் தொட முடியாதபடி கதவைச் சாத்தினீர்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத புதிர்.

எங்கள் பக்கத்துத் தவற்றை மறைத்துவிட்டு நியாயம் கேட்பது முறையாகாது. தொண்ணூறுகளில் எங்கள் ஆட்கள் அளவு பார்க்காமல் எடுத்தார்கள். 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த பதப்படுத்திய அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அரசு 1982ஆம் ஆண்டிலேயே விதித்திருந்தும், விரல் நீளக் குட்டிகள் எங்கள் அண்டாவில் அவிந்தன. கடலட்டைகள் முட்டையையும் விந்தையும் தண்ணீரிலேயே கலக்கின்றன. ஆணும் பெண்ணும் நெருக்கமாக இருந்தால்தான் கரு கூடும். அரித்து எடுத்துவிட்ட பரப்பில் எஞ்சிய நான்கு அட்டைகள் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் கிடந்தால், உயிரோடு இருந்தும் பெருகாது. வெள்ளை அட்டையை அருகிவரும் இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருப்பதும் எனக்குத் தெரியும். ஆகவே, காப்பாற்ற வேண்டிய உயிர்தான் அது. கட்டுப்பாடு வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் வழக்கு இல்லை. வழக்கு, அந்தக் கட்டுப்பாட்டுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த கருவியைப் பற்றியது.

அந்தக் கருவியின் எடையைப் பாருங்கள். ஓர் உயிரினத்தைப் பிடிப்பதும், பிடிக்க முயல்வதும் உங்கள் சட்டத்தின்படி வேட்டை. துப்பாக்கியோடு காட்டுக்குள் பதுங்கிச் செல்பவனுக்குப் பொருந்தும் அந்தச் சொல், நகரவே அரை நாள் எடுத்துக்கொள்ளும் ஒரு பிராணியைக் கையால் எடுக்கும் முக்குளிப்பவனுக்கும் பொருந்துகிறது. முதல் அட்டவணை உயிரினம் என்றால் 51ஆம் பிரிவின்படி சிறை மூன்று ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது, ஏழு ஆண்டுகள் வரை நீளலாம். நீதிபதி மனமிரங்கினாலும் மூன்று ஆண்டுக்குக் கீழே இறங்க இடமில்லை. வனவுயிர்ப் பொருள் ஒருவர் கைவசம் இருந்தது என்று நிறுவப்பட்டால், அது முறைகேடாக வந்தது என்றே 57ஆம் பிரிவு கொள்கிறது. இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர் தலையில். ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர் மறுபடியும் சிக்கினால் பிணை கிடைப்பதே அரிது. படகும் வலையும் பறிமுதலாகும். 2022ஆம் ஆண்டின் திருத்தம் ஆறு அட்டவணைகளை நான்காகச் சுருக்கியபோது எங்கள் சுமையும் சுருங்கும் என்று சிலர் நம்பினார்கள். முதல் அட்டவணைக் குற்றத்துக்கு அபராதத்தின் கீழ்வரம்பு 10,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக ஏறியதுதான் கண்ட பலன்.

என் தமக்கையின் மகனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஊர், ஆண்டு, அலுவலகம் எதையும் குறிப்பிடப் போவதில்லை. யாரையும் பழிவாங்குவது என் நோக்கமன்று. நண்டு வலை எடுக்க வத்தை எனும் சிறு படகில் போனவனுக்கு வலையோடு ஐந்து அட்டைகள் வந்தன. வலையைப் பிரித்து நண்டைக் கழற்றிக்கொண்டே கரைக்கு வந்தவன், அட்டைகளைத் தனியே எடுத்துக் கடலில் எறியவில்லை. கரை வந்து வலை உதறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். சோதனைக்கு வந்தவர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். பதினெட்டு நாள் காவலுக்குப் பிறகு பிணை கிடைத்தது. ஆறு ஆண்டுகள் வழக்கு நடந்தது. வாய்தா நாள்கள் எப்படியோ காற்றும் நீரும் நல்லதாக இருக்கும் நாள்களாகவே அமைந்தன என்று என் தமக்கை சொல்வாள். கடலுக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை என்பது நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. நடுவில் வளைகுடா நாடொன்றில் வேலை கிடைத்தும், வழக்கு நிலுவையில் இருந்ததால் கடவுச்சீட்டு கைக்கு வரவில்லை. கடைசியில், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று விடுதலையானான். படகையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆறு மழையும் ஆறு வெயிலும் பார்த்த அந்த வத்தையின் பலகைகள் கையால் பிய்த்தெடுக்கும் பதத்தில் இருந்தன. விறகுக்குத்தான் ஆனது.

கட்டுப்பாடு என்றாலே எங்கள் மக்கள் எதிர்ப்பார்கள் என்று தில்லியில் ஒரு நினைப்பு இருப்பதாக அறிகிறேன். அது உண்மைக்கு மாறானது. ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017இல் 61 நாளாக நீண்டது, முணுமுணுத்துக்கொண்டேனும் கடைப்பிடிக்கிறோம். வடகடலில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடு, படகுகள் மோதி வலைகள் அறுந்த கசப்பிலிருந்து பேச்சுவார்த்தையால் பிறந்தது; அதைக் காப்பது தண்டனைச் சட்டம் அன்று, ஊர்க் கட்டுப்பாடு.

தென்கடலில் கடற்பாசி எடுக்கும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக்க 1986ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளின் விளிம்பில்தான் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் விளைகின்றன. கண்ணில் கண்ணாடி மாட்டி, காலில் தட்டுக் கட்டி, விரலில் துணி சுற்றி அவற்றைப் பறித்து வாழ்ந்த பெண்கள் ஒரு நாள் காலையில் அத்துமீறிகள் ஆனார்கள். படகு பிடிபட்டது, பாசி பிடிபட்டது. அதற்கு அவர்கள் செய்த மறுமொழியைக் கவனியுங்கள். கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி எடுப்பது என்றும், பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை என்றும், மீன்பிடித் தடைக்காலத்தையொட்டி 45 நாள் கடலிலேயே இறங்குவதில்லை என்றும் தாங்களே விதித்துக்கொண்டார்கள். இந்த முயற்சியில் முன்னின்ற சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு தீவுச் சூழலைக் காப்போருக்கு வழங்கப்படும் பன்னாட்டுப் பரிசான சீகாலஜி பரிசு 2015ஆம் ஆண்டு கிடைத்தது. உலகம் பாராட்டிய ஒழுங்கை வகுத்தவர்கள், தங்கள் நாட்டின் ஏட்டில் இன்னும் சட்டத்துக்குப் புறம்பானவர்களாக இருக்கிறார்கள்.

கடலையும் உள்ளடக்கிச் சரணாலயம் அறிவிக்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உங்கள் சட்டத்தின் 26ஏ பிரிவே சொல்கிறது. அந்த வரியை எழுதியவர் யாரோ, அவர் கடற்கரையை ஒருமுறையேனும் பார்த்தவராக இருக்க வேண்டும்.

சட்டம் கடுமையாவதாலேயே அதன்மீது மரியாதை வளர்ந்துவிடாது என்பதை இம்மாவட்டத்து முதியவர்கள் வேறொரு வகையில் கற்றிருக்கிறார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்பார்கள். பிறந்த சாதிக்காக விரல் ரேகை பதித்து, இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்த குடும்பங்கள் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்தில் இருந்தன. ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, மனுக் கொடுத்து, ரேகை வைக்க மறுத்து அதை எதிர்த்தார்கள். 1947இல் சென்னை மாகாணம் அதை நீக்கியது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து இராஜாஜி உப்புக்காக வேதாரண்யத்துக்கு நடந்தபோது, நடந்தவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள். இவற்றோடு எங்கள் சிக்கலைச் சமமாக வைக்கவில்லை. அந்தச் சட்டங்கள் ஆள்வோரின் நலனுக்காக வந்தவை, உங்களுடையது ஒரு வாயில்லா உயிருக்காக வந்தது. ஆனாலும் உள்ளம் ஒப்பாத சட்டத்தை மக்கள் எதிர்கொள்ளும் விதம் ஒன்றுதான். எதிர்த்து நிற்க முடிந்தால் எதிர்ப்பார்கள். முடியாவிட்டால் மரக்கிளையைத் தேடுவார்கள்.

எங்கள் கரையில் இரண்டும் நடந்திருக்கின்றன. ஆர்ப்பாட்டம் செய்தார்கள், மனுக் கொடுத்தார்கள், தேர்தல்தோறும் வேட்பாளர்களிடம் வாக்குறுதி வாங்கினார்கள். வேறு சிலர் இரவில் முங்கினார்கள். அவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அட்டைக் கடத்தல் வழக்குகளில் அடிக்கடி பெயர் அடிபடுவது மூட்டை தூக்கியவன், படகு ஓட்டியவன், அண்டாவில் அவித்தவள். பணம் போட்டவன் கரையில் கால் நனைப்பதே இல்லை. தண்டனை பெரிதாகப் பெரிதாக அவனுடைய இலாபமும் பெரிதாகிறது. ஏனென்றால் அச்சத்தில் விற்பவனிடம் அடிமாட்டு விலைக்கு வாங்க முடியும். இதே அட்டை, தனுஷ்கோடி முனையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் இலங்கையின் தலைமன்னார்ப் பக்கத்தில் உரிமம் பெற்று எடுக்கப்படுகிறது, பண்ணைகளில் வளர்க்கப்படுகிறது, முறையாக ஏற்றுமதியாகிறது. அந்தப் பண்ணைகளுக்கு எதிராகவும் அங்குள்ள மீனவர் சிலர் போராடியிருக்கிறார்கள் என்பதை அறிவேன். ஆகவே அக்கரையில் எல்லாம் செம்மை என்று சொல்லவில்லை. ஒரே நீரில் ஊரும் ஒரே பிராணி, வரைபடத்தில் இரு நாடுகளும் 1974இலும் 1976இலும் போட்ட எல்லைக் கோட்டின் ஒரு பக்கம் சரக்காகவும் மறுபக்கம் சிறையாகவும் இருக்கும்போது, கள்ளப் படகு எந்தத் திசையில் போகும் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டாம்.

சட்டத்தின் நோக்கம் அட்டையைக் காப்பது. அது காக்கப்பட்டதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் வழியையும் இச்சட்டமே அடைத்துவிட்டது என்பதுதான் என் பெரிய மனக்குறை. தடைக்கு முன் எத்தனை எடை கரைக்கு வந்தது, என்ன அளவு, எந்த வகை என்று ஆராய்ச்சி நிலையத்தார் கரையிலேயே உட்கார்ந்து குறித்துக்கொள்ள முடிந்தது. இப்போது வலையில் அட்டை வந்தால் எவனும் வாய் திறப்பதில்லை. வந்தது என்று சொன்னாலே கைவசம் இருந்ததற்கு ஒப்புதலாகிவிடும். கடலைப் பற்றி நாள்தோறும் செய்தி கொண்டுவரும் ஆயிரக்கணக்கான கண்களை ஒரே அறிவிக்கையில் கட்டிவிட்டீர்கள்.

இன்னொன்று. கையால் ஓர் அட்டையை எடுப்பவனுக்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. அதே தாழைப் பரப்பை இழுவைமடி வலையால் உழுது, அட்டையையும் அது வாழும் இடத்தையும் சேர்த்துப் புரட்டிப்போடும் படகு உரிமத்தோடு போகிறது. அது கரைக்கு நெருங்கி வந்து விதியை மீறினாலும் மாநிலத்தின் 1983ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி பெரும்பாலும் அபராதத்தோடும் உரிம நடவடிக்கையோடும் முடிந்துவிடும். விசைப்படகுக்காரனையும் சிறையில் போடுங்கள் என்பது இதன் பொருளன்று. அவனும் எங்கள் ஊர்க்காரன்தான், கடன்காரன்தான். கடலடிக்கு யார் எவ்வளவு தீங்கு செய்கிறார்கள் என்பதற்கும் யார் எவ்வளவு தண்டனை பெறுகிறார்கள் என்பதற்கும் தொடர்பே இல்லை என்பதைக் கவனியுங்கள் என்கிறேன்.

நீங்கள் திருத்திக்கொள்ளாதவர்கள் அல்லர். அதே 2001 ஜூலை அறிவிக்கை சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் முதல் அட்டவணையில் போட்டது. நாடு முழுவதும் மீனவர்களும் ஏற்றுமதியாளர்களும் எதிர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அந்தப் பட்டியலை விரல்விட்டு எண்ணத்தக்க சில இனங்களாகக் குறைத்தீர்கள். ஆறு மாதத்துக்குள் நடந்த திருத்தம் அது. சுறாவுக்குப் பேசப் பல மாநிலங்களில் ஆள் இருந்தது. கடலட்டைத் தொழில் பெரிதும் இரண்டு மாவட்டத்துக் கரைகளில் ஒடுங்கியிருந்ததால், இங்கிருந்து எழுந்த குரல் தில்லிக்கு எட்டும் முன்பே தேய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். 61ஆம் பிரிவின்படி அட்டவணையை மாற்றும் அதிகாரம் ஒன்றிய அரசின் அறிவிக்கைக்கே உண்டு. ஒரு தாளில் வந்தது, ஒரு தாளில் மாறலாம்.

அப்படி மாற்றும்போது, எல்லா இனத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல், எது உண்மையில் அருகிவிட்டது, எது தாங்கும் என்று வகைவகையாகப் பிரித்துப் பாருங்கள். அதற்கு முன் வடகடலிலும் தென்கடலிலும் முழுமையான கணக்கெடுப்பு நடக்கட்டும். அதில் முங்கத் தெரிந்த எங்கள் ஆட்களைக் கூலிக்கு அமர்த்துங்கள், அவர்கள் சொல்வது பதிவாகும், வழக்காகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். தெரியாமல் வலையில் வந்த அட்டையைத் திரும்பக் கடலில் விடுபவனுக்குக் குற்றமில்லை என்று தெளிவான விதி வேண்டும். இதற்கு முன்மாதிரி உங்களிடமே இருக்கிறது: குஜராத் கரையில் வலையில் சிக்கிய திமிங்கலச் சுறாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு வலைக்கான இழப்பீடு தரப்படுகிறது. அதுவும் முதல் அட்டவணை உயிரினந்தான். அங்கே மீனவன் காவலன்; இங்கே அவன் சந்தேகத்துக்குரியவன்.

குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த அட்டையைக் கடற்கழியில் வளர்த்து விற்கப் பெண்கள் குழுக்களுக்கு உரிமம் கொடுப்பதையும், அந்த உரிமத்துக்கு ஈடாக ஒரு பங்குக் குஞ்சுகளைக் கடலில் விடவேண்டும் என்று நிபந்தனை போடுவதையும் ஆராயுங்கள். எடுக்க அனுமதிக்கும் நாள் வருமானால், முட்டையிடும் பருவத்தில் எடுக்கக் கூடாது, இன்ன அளவுக்குக் குறைந்ததைத் தொடக் கூடாது, சில பரப்புகள் என்றைக்கும் மூடியே இருக்கும் என்ற விதிகளை ஊர்க் கூட்டங்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். மீறுபவனுக்கு அபராதமும், குறித்த காலம் கடலுக்குப் போகத் தடையும் போதும். மறுபடி மறுபடி செய்பவனுக்கும் பணம் போட்டு ஆள்வைத்துக் கடத்துபவனுக்கும் சிறையை வைத்துக்கொள்ளுங்கள். மீனவனை மூன்று நாள் கரையில் உட்காரவைத்தால் அவனுக்கு உறைக்கும். மூன்று ஆண்டு உள்ளே வைத்தால் அவன் குடும்பம் அழியும். அட்டைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. நடைபெறும் வழக்குகளில் முதன்முறையாகச் சிக்கிய சிறு மீனவர்களின் படகுகளையாவது, மழையில் மக்குவதற்கு முன் பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு விடுவிக்கச் சொல்லுங்கள்.

அக்கரை நாடு 2018ஆம் ஆண்டு அயல்நாட்டு மீன்பிடிப் படகுகளுக்கான சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பன்மடங்காக உயர்த்தியபோது, எங்கள் மீனவர்களுக்காக இந்திய அரசு பேசியது. வாழ்வாதாரச் சிக்கலை மனிதநேயத்தோடு அணுக வேண்டும் என்று கொழும்பிடம் ஒவ்வொரு பேச்சிலும் வலியுறுத்தி வருகிறது. அதற்கு நன்றியுடையோம். அந்த மனிதநேயத்துக்கு எல்லைக்கோடு உண்டா என்று எங்கள் ஊர் இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய விடையை நீங்கள்தான் தர முடியும்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவீர்களானால் தமிழில் எழுதுங்கள். 2001இல் நடந்ததுபோல வியாபாரி வாய்வழியாகக் கேட்டறியும் நிலை மறுபடியும் வேண்டாம். ஊர்ப் பொதுமேடையில் ஒலிபெருக்கி வைத்து நானே வாசிப்பேன். நேரில் யாரேனும் வந்து பேசுவதானால் இன்னும் நல்லது. நாட்டுப்படகுக்காரர்கள் கரையில் இருப்பது திங்கள், புதன், சனி. அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் வலை பின்னிக்கொண்டு எல்லாரும் கொட்டகையில்தான் இருப்பார்கள்.

இப்படிக்கு,
வடகடல் கரையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியன்